மாடல் விமான எஞ்சினுக்கு விளக்கெண்ணெயா, சிந்தெட்டிக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளோ எரிபொருள் டப்பாவை முதன்முதலில் கையில் எடுப்பவருக்கு நைட்ரோ சதவீதம்தான் கண்ணில் படும். பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது அதைத்தான். எஞ்சினின் ஆயுளை முடிவு செய்வது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் எண்ணெய் விவரம். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். குளோ பிளக்கில் ஓடும் சிறிய எஞ்சின்கள்தான் விஷயம். டீசல், பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றிக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் இருக்கிறது.

குளோ எரிபொருளில் என்னதான் இருக்கிறது?

மூன்றே பொருள்கள். மெத்தனால் முக்கால் பங்குக்கு முன்பின்னாக இருக்கும். எரிவது முக்கியமாக அதுதான். நைட்ரோமீத்தேன் பூஜ்ஜியத்திலிருந்து 15 சதவீதம் வரை, பந்தய எஞ்சின் என்றால் அதற்கு மேலும் இருக்கும். அது தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் சக்தி கூடும், ஐடிலும் சீராகும். மீதி எண்ணெய்.

குளோ பிளக்கின் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருளைக் கிளப்பும்போது மட்டும் பேட்டரியால் சூடாக்குகிறோம். அப்புறம் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு வினைபுரிவதாலும், சிலிண்டரின் சூட்டாலும் கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். பெட்ரோலில் குளோ எஞ்சின் ஓடாததற்கு முக்கியமான காரணம் இந்த வினை அதில் போதுமான அளவு நடக்காததுதான்.

பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குக்கு 2, 3 சதவீத எண்ணெய் போதுமானதாக இருந்ததே. இங்கே ஏன் 20 சதவீதம்?

இந்த எஞ்சின்களில் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டி கிடையாது. எரிபொருளோடு உள்ளே போய், பேரிங்கையும் கனெக்டிங் ராடின் இரண்டு முனைகளையும் பிஸ்டன் பக்கச்சுவரையும் தொட்டுவிட்டு, பெரும்பாலும் எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே வந்துவிடும். பறந்து இறங்கிய விமானத்தின் பக்கவாட்டில் வழியும் பிசுக்கு அந்த எண்ணெய்தான்.

உராய்வைக் குறைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. கட்டைவிரல் பருமனுள்ள சிலிண்டர் வைத்த எஞ்சின் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் சுற்று சுற்றும்போது உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியை எண்ணெய்தான் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. பல எஞ்சின்களில் கனெக்டிங் ராடு முனையில் ரோலர் பேரிங்கே இருக்காது, வெறும் வெண்கல புஷ்தான். அதற்குத் தாராளமாக எண்ணெய் வேண்டும். சாதாரண டூ ஸ்ட்ரோக் விளையாட்டு எஞ்சினுக்கு 18 முதல் 20 சதவீதம் என்பது வெகுகாலமாகப் புழங்கிவரும் அளவு. 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க நான் யாரையும் ஊக்குவிக்க மாட்டேன்.

கார் எஞ்சின் ஆயில் ஊற்றினால் என்ன?

மெத்தனாலில் கரையாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். டாங்கில் இதுவே நடந்தால் எஞ்சினுக்கு ஒரு நேரம் எண்ணெய் மட்டும் போகும், இன்னொரு நேரம் வெறும் மெத்தனால் போகும். மெத்தனாலில் கரையும் எண்ணெய்கள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று விளக்கெண்ணெய் என்கிற ஆமணக்கெண்ணெய், இன்னொன்று பாலிஅல்கைலீன் கிளைக்கால் வகைச் சிந்தெட்டிக். டப்பாவில் வெறுமனே ‘சிந்தெட்டிக்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

விளக்கெண்ணெயில் அப்படி என்ன விசேஷம்?

மற்ற தாவர எண்ணெய்களில் அதிகம் காணாத ரிசினோலிக் அமிலம் இதில் ஏறக்குறைய 90 சதவீதம். அந்த அமிலச் சங்கிலியின் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது. மெத்தனாலில் கரைவதும் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்வதும் அதன் புண்ணியத்தில்தான்.

சூடு ஏறும்போது நடப்பது இன்னும் சுவாரசியம். சுமார் 230 டிகிரி செல்சியஸ் அதன் தீப்பற்றும் நிலை. அந்தப் பக்கம் போகப்போகப் பெரும்பாலான எண்ணெய்கள் ஆவியாகிக் காணாமல் போகும். விளக்கெண்ணெயோ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகும். அந்தக் கெட்டிப் படலமும் கொஞ்ச நேரம் உராய்வைத் தாங்கும். வேறு எண்ணெய் கைவிட்டிருக்கும் இடத்தில் இது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறிய பிறகு பிஸ்டனில் பழுப்பு நிற வார்னிஷாகக் காணப்படுவதும் அதே படலம்தான். நல்லதும் கெட்டதும் ஒரே குணத்திலிருந்து வருகிறது.

முதல் உலகப் போர் விமானங்களின் நோம், லெ ரோன் ரோட்டரி எஞ்சின்களிலும் (சிலிண்டர்களே சேர்ந்து சுற்றும் வகை) இதையேதான் ஊற்றினார்கள், ஆனால் காரணம் நேர் எதிர். அங்கே எரிபொருள் பெட்ரோல், அதுவும் கிராங்க் பெட்டி வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் உள்ளே தாக்குப்பிடித்தது. கேஸ்ட்ரால் என்ற பெயர் வந்ததும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான்.

இவ்வளவு நல்லதென்றால் சிந்தெட்டிக் எதற்கு?

விளக்கெண்ணெய் அழுக்கு செய்யும். பிஸ்டனில் வார்னிஷ், சைலன்சருக்குள் தார் மாதிரிப் படிவு, ரிங் வைத்த எஞ்சினில் ரிங் பள்ளத்தில் பிசின், விமானம் முழுக்கப் பிசுபிசுப்பு. நாலு மாதம் சும்மா வைத்தால் எஞ்சின் இறுகிப்போய்ப் புரொப்பெல்லரை அசைக்க முடியாது.

சிந்தெட்டிக்கில் இந்தத் தொல்லை குறைவு. எரிந்த மிச்சம் ஒட்டாது, விமானத்தை ஒரு துடைப்பில் சுத்தம் செய்யலாம். பாகுத்தன்மை குறைவாக இருப்பதால் எஞ்சின் கொஞ்சம் இலகுவாகச் சுற்றும். சரியான நீடில் (கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) அமைப்பில், சரியான வெப்பத்தில் ஓடும் எஞ்சினுக்கு அது குறையில்லாத பாதுகாப்பு தரும். இதில் நான் விளக்கெண்ணெய்க் கட்சிக்காரர்களோடு ஒத்துப்போவதில்லை. சிந்தெட்டிக் மட்டுமே குடித்துப் பல பருவங்கள் ஓடிய எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு பலவீனம். தாங்கும் எல்லையைத் தாண்டினால் அது எதையும் விட்டுவைக்காமல் எரிந்து போய்விடும், உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசும்.

லீன் ஆகிவிட்டது என்கிறார்களே, அப்போது உள்ளே என்ன நடக்கிறது?

காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போகாவிட்டால் லீன், அதிகமாகப் போனால் ரிச். குளோ எஞ்சின் லீன் ஆகும்போது மூன்று கேடுகள் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும். மெத்தனால் ஆவியாகும்போது எஞ்சினிடமிருந்து நிறைய வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் குளிர்ச்சி குறைகிறது. கலவை சூடாக எரிகிறது. எண்ணெய் எரிபொருளில் கலந்தே வருவதால் அதுவும் குறைகிறது. எண்ணெய் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குறைவாகக் கிடைக்கும்.

நானே பட்ட ஒன்றைச் சொல்கிறேன். 40 அளவு (0.40 கன அங்குலம்) ஏபிசி எஞ்சின், அதாவது அலுமினியப் பிஸ்டனும் பித்தளை லைனரும் வைத்தது, முழுச் சிந்தெட்டிக் எரிபொருள். முந்தைய முறை இறங்கும்போது மூக்கு தரையில் குத்தியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சரி, ஒன்றும் ஆகவில்லை என்று மறுபடி ஏற்றினேன். அந்த அடியில் டாங்குக்குள் இருக்கும் எடைகட்டிய உறிஞ்சுகுழாய் முன்பக்கம் மடங்கிக்கொண்டது எனக்குத் தெரியாது. தரையில் கிடையாக நின்றவரை எஞ்சின் ஒழுங்காக ஓடியது. மேலே ஏற மூக்கைத் தூக்கியதும் எரிபொருள் பின்னால் ஒதுங்க, குழாய் முனை காற்றை உறிஞ்சியது. சத்தம் ‘கீ’ என்று மேலே போய், தொய்ந்து, நின்றது. எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நொடி இருக்கும். விமானம் பத்திரமாகச் சறுக்கி இறங்கியது. எஞ்சினைப் பிரித்தால் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாக நகத்தால் கீறிய மாதிரி கோடுகள். நகத்தை வைத்துத் தடவினால் தட்டியது. பிஸ்டனையும் லைனரையும் சோடியாக மாற்ற வேண்டியதாயிற்று.

கால்வாசி விளக்கெண்ணெய் இருந்திருந்தால் தப்பியிருக்குமா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதே மாதிரி லீன் ஆகி நின்ற இன்னொரு எஞ்சினில் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் இருந்தது. அதன் பிஸ்டனில் பழுப்புப் பூச்சு மட்டும்தான், கீறல் இல்லை.

அப்படியானால் எதை வாங்கச் சொல்கிறீர்கள்?

இரண்டும் கலந்ததை. மொத்த எண்ணெய் 18 முதல் 20 சதவீதம், அந்த எண்ணெயில் நாலில் ஒரு பங்கு விளக்கெண்ணெய், மீதி சிந்தெட்டிக். வார்னிஷ் குறைவாக இருக்கும், லீன் ஆனால் காப்பாற்றவும் ஒன்று உள்ளே இருக்கும். ஏற்கெனவே கலந்து வரும் எரிபொருள்கள் பலவற்றில் ஏறக்குறைய இந்த விகிதம்தான்.

முழுச் சிந்தெட்டிக்தான் ஊற்றுவேன் என்பவர் தாராளமாக ஊற்றலாம். நீடிலை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும். எஞ்சினுக்குள் விடாத விளக்கெண்ணெயைக் கண்ணிலாவது விடத்தானே வேண்டும்.

எல்லா எஞ்சினுக்கும் இதே விகிதமா?

இல்லை. எஞ்சினின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும்.

இரும்புப் பிஸ்டன், எஃகு லைனர் வைத்த பழைய எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய் நிறைய வேண்டும். கயிறு கட்டிச் சுழற்றும் கன்ட்ரோல் லைன் ஆட்கள் பழைய ஃபாக்ஸ் 35 போன்றவற்றுக்கு 28 சதவீதம் வரை எண்ணெய் ஊற்றுவார்கள், பெரும்பகுதியோ முழுவதுமோ விளக்கெண்ணெயாக. பேரிங் இல்லாமல் வெறும் புஷ்ஷில் சுற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு அந்தத் தடித்த எண்ணெய்தான் மெத்தை.

காக்ஸ் 049 மாதிரிக் குட்டி எஞ்சின்களும் அந்த வகைதான். அவற்றில் கனெக்டிங் ராடின் மேல் முனை ஒரு குண்டு, பிஸ்டனுக்குள் இருக்கும் கிண்ணத்தில் அது உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்கு எண்ணெய் பற்றாவிட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். 20 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய், அதில் பாதியாவது விளக்கெண்ணெய் என்பது பாதுகாப்பான கணக்கு. கூடவே வார்னிஷும் வரும், அவ்வப்போது சிலிண்டரைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.

ஏபிசி என்பது அலுமினியப் பிஸ்டனும், உள்ளே குரோம் பூசிய பித்தளை லைனரும். இதற்கு மேலே சொன்ன கலவை நன்றாகப் பொருந்தும். ரிங் வைத்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இன்னும் குறைவாக, மொத்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ போதும். அதிகமானால் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டில் பிசின் ஏறி வால்வு முழுதாக மூடாமல் போகலாம். ஹெலிகாப்டர் எஞ்சின் மூடிய கூட்டுக்குள் சூடாக ஓடினாலும் விசிறியின் குளிர்ச்சி விடாமல் கிடைப்பதால், அந்தப் பக்கம் பெரும்பாலோர் சிந்தெட்டிக்தான்.

எஞ்சினோடு வந்த கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

கையில் முழுச் சிந்தெட்டிக் டப்பா இருக்கிறது. நானே விளக்கெண்ணெய் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், எளிதுதான். 4 லிட்டர் எரிபொருளில் எண்ணெய் 18 சதவீதம் என்றால் 720 மில்லி. அதில் 100 மில்லி விளக்கெண்ணெய் ஊற்றினால் மொத்தம் 4,100 மில்லி, எண்ணெய் 820 மில்லி, சரியாக 20 சதவீதம். எண்ணெயில் விளக்கெண்ணெயின் பங்கு ஏறக்குறைய 12 சதவீதம். நான் சொன்ன கால்பங்கு வராவிட்டாலும் காப்புக்கு இது பரவாயில்லை. 10 சதவீதமாக இருந்த நைட்ரோ 9.8க்கு இறங்கும், அதை யாரும் உணரப் போவதில்லை.

ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெளிவாக இருக்க வேண்டும்.

டப்பாவில் போட்டிருக்கும் சதவீதம் எடையிலா, கன அளவிலா?

நல்ல கேள்வி, பலர் கேட்க மறப்பது. விளக்கெண்ணெயின் அடர்த்தி 0.96, மெத்தனாலுக்கு 0.79தான். அதனால் எடையில் 20 சதவீதம் என்று கலந்த மெத்தனால்-விளக்கெண்ணெய் கலவை, கன அளவில் 17 சதவீதம்தான் இருக்கும். எடையில் 18 என்றால் கன அளவில் 15 அருகே வந்துவிடும். டப்பாவில் தெளிவாக இல்லையென்றால் எடை என்றே வைத்துக்கொண்டு கொஞ்சம் எண்ணெய் கூடுதலாகச் சேர்ப்பது என் வழக்கம். எண்ணெய் கூடிப்போனால் புகை கொஞ்சம் அதிகமாகும், அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் கிடைக்கும் விளக்கெண்ணெய் ஆகுமா?

வேறெதுவும் சேர்க்காத, சுத்திகரித்த மருந்துத் தரம் என்றால் அவசரத்துக்கு ஆகும். தலைக்குத் தேய்க்க வாசனை சேர்த்தது, வேறு எண்ணெய் கலந்தது, விளக்கேற்ற விற்பது இவை வேண்டாம். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ கொஞ்சம் கலந்திருந்தாலும் மெத்தனாலில் கலங்கல் தட்டும். ஒரு பங்கு எண்ணெயை நான்கு பங்கு மெத்தனாலில் கரைத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்தால் பயன்படுத்தலாம்.

எஞ்சினுக்கென்றே பிசின் நீக்கி விற்கும் விளக்கெண்ணெய் கிடைத்தால் அதுதான் நல்லது, வார்னிஷ் குறையும். வீட்டில் ஆமணக்கு விதை வாங்கி ஆட்டும் யோசனை வேண்டாம். விதையில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அது புரதம் என்பதால் எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கில் தங்கிவிடும். கடையில் வரும் சுத்திகரித்த எண்ணெயில் அந்தக் கவலை இல்லை.

எண்ணெய் மாற்றினால் நீடிலைத் தொட வேண்டுமா?

கட்டாயம். விளக்கெண்ணெய் தடிமனானது. அது கூடினால் அதே நீடில் துளை வழியாக எரிபொருள் மெதுவாகப் போகும், எஞ்சின் தானாக லீன் பக்கம் நகரும். ‘விளக்கெண்ணெய் சேர்த்தேன், எஞ்சின் சூடாகிறது’ என்று புலம்புகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். சேர்த்த கையோடு நீடிலை இரண்டு மூன்று கிளிக் திறந்துவிட்டுத் திரும்ப அமையுங்கள்.

அமைக்கும் விதம்: முழுத் திராட்டிலில் ஓடவிட்டு, எரிபொருள் குழாயை விரலால் ஒரு கணம் நசுக்கி விடுங்கள். சத்தம் முதலில் கொஞ்சம் ஏறி அப்புறம் விழுந்தால் சற்று ரிச்சாக இருக்கிறது என்று பொருள், அதுதான் வேண்டும். ஏறாமல் உடனே விழுந்தால் ஏற்கெனவே லீன். அடுத்தது, விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை நேராக வானத்தைப் பார்க்கத் தூக்குங்கள். ஐந்தாறு நொடியில் சுற்று சற்றுக் கூடலாம், அப்படியே நிற்கலாம், தொய்யக் கூடாது. தொய்ந்தால் இரண்டு கிளிக் திறந்து மறுபடி பாருங்கள். புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு செய்ய வேண்டும். பக்கத்திலோ முன்னாலோ நிற்காதீர்கள்.

புது எஞ்சினைப் பழக்கும்போது எந்த எண்ணெய்?

விளக்கெண்ணெய் உள்ளதுதான். பழக்கும் முறையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இரும்புப் பிஸ்டன் எஞ்சினைச் சொட்டச்சொட்ட ரிச்சாக, இடைவெளி விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். அதே முறையை ஏபிசிக்குச் செய்யக் கூடாது. அதன் லைனர் மேல்பக்கம் குறுகியிருக்கும். சூடானால்தான் பித்தளை விரிந்து பிஸ்டனுக்கு இடம் விடும். குளிர்ச்சியாகவே ஓட்டினால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறுகலில் இடித்துத் தேயும், கனெக்டிங் ராடும் சிரமப்படும். கொஞ்சம் ரிச், ஆனால் ஓடும் வெப்பத்துக்கு வர வேண்டும்.

பரணில் கிடந்த எஞ்சின் இறுகிவிட்டது. உடைந்துபோயிருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. பழைய விளக்கெண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும், அவ்வளவுதான். புரொப்பெல்லரைப் பிடித்துப் பலத்தைக் காட்டாதீர்கள், கனெக்டிங் ராடு வளையும். முடி காய்வதற்கு வைத்திருக்கும் டிரையரை எடுத்து கிராங்க் பெட்டியையும் சிலிண்டரையும் சூடாக்குங்கள். குளோ பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். இரண்டு மூன்று தடவை சூடாக்கியதும் ஒரு நேரத்தில் ‘ப்ச்’ என்று வழிவிடும். அப்புறம் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் தளர்ந்துவிடும். முதல் சுற்று முழுதாக வரும்போது பிளக் துளையிலிருந்து தேன் நிறத்தில் ஒழுகுமே, அந்த வாசனைக்காகவே பழைய எஞ்சின் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

வெளியே கருகிப் படிந்த வார்னிஷுக்கு ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக், ரப்பர் வளையங்களையெல்லாம் கழற்றிவிட்டு, உலோகப் பாகங்களை ஒரு பழைய பாத்திரத்தில் கூலன்டில் மூழ்கவைத்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைக்க வேண்டும். கூலன்ட் நஞ்சு. அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலுக்கு வரவே கூடாது, வேலையும் வீட்டுக்கு வெளியே காற்றோட்டத்தில் நடக்க வேண்டும். எடுத்ததும் சுடுநீரில் கழுவி, காயவைத்து, பேரிங்குகளுக்கு உடனே எண்ணெய் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டாலும் துரு ஆரம்பித்துவிடும்.

சிந்தெட்டிக் ஊற்றினால் பேரிங் துருப்பிடிக்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. துருவுக்கு முதல் காரணம் உள்ளே மிஞ்சும் மெத்தனால். காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கிளைக்கால் வகைச் சிந்தெட்டிக்கும் ஈரத்தை ஈர்க்கும் குணமுள்ளதுதான். துருத்தடுப்பு சேர்க்காததாக இருந்தால் பேரிங்கைக் காக்காது. விளக்கெண்ணெய் ஒரு படலமாக மூடிக்கொள்வதால் ஓரளவு தடுக்கும். அந்தப் படலமே பிறகு பசையாகும் என்பதையும் மேலே பார்த்தோம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் அன்றைய கடைசிப் பறத்தல் முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றி, எஞ்சின் உள்ளிருப்பதைக் குடித்துத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் மெல்லிய கனிம எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டுப் புரொப்பெல்லரைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்கிறவர்களுக்கு விளக்கெண்ணெயா சிந்தெட்டிக்கா என்ற துருச் சண்டை தேவைப்படாது.

வழியும் எண்ணெயின் நிறத்தை வைத்து எதையாவது சொல்ல முடியுமா?

முடியும். வெள்ளைத் துணியில் சைலன்சர் முனையைத் துடைத்துப் பாருங்கள். நிறமில்லாமலோ வெளிர் தேன் நிறத்திலோ இருந்தால் எல்லாம் நலம். புது எஞ்சினில் முதல் சில டாங்க்வரை சாம்பல் நிறம் வரலாம், பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பழகிய எஞ்சினிலிருந்து திடீரென்று கருப்பாகவோ மினுமினுப்போடோ வந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. ஓட்டத்தை நிறுத்திப் பின்மூடியைக் கழற்றி பேரிங்கையும் ராடையும் பாருங்கள்.

எரிபொருள் கலங்கிவிட்டது. ஊற்றலாமா?

வேண்டாம். மூடி சரியாக மூடாமல் ஈரம் ஏறியிருக்கும். தண்ணீர் சேர்ந்தால் விளக்கெண்ணெய் மெத்தனாலை விட்டுப் பிரியும். நைட்ரோ மிக அதிகமுள்ள கலவையிலும் குளிர் நேரத்தில் பிரிவதுண்டு. அது அறை வெப்பத்தில் வைத்துக் குலுக்கினால் திரும்பத் தெளியும், தண்ணீர் ஏறியது தெளியாது. டப்பாவை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நைட்ரோவுக்கு வெளிச்சமும் ஆகாது.

மெத்தனால் குடித்தால் கண்பார்வையும் உயிரும் போகும், தோல் வழியாகவும் உள்ளே ஏறும். கையுறை போட்டுக் கலக்குங்கள். பட்டப்பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் மறக்காதீர்கள்.

டீசல், பெட்ரோல் மாடல் எஞ்சின்களுக்கு?

மாடல் டீசலில் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் என்ற மூன்றும் ஏறக்குறைய சம பங்கு என்பது பழைய கணக்கு. ஈதர்தான் மற்ற இரண்டையும் சேர்த்து வைக்கும். அங்கே விளக்கெண்ணெயின் இடத்தை இன்றும் பலர் விட்டுக்கொடுப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கு இதெல்லாம் வேண்டாம். பெட்ரோலில் கரையும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயைக் கையேடு சொல்லும் விகிதத்தில் கலந்தால் போதும். குழாயை மட்டும் கவனியுங்கள். மெத்தனாலுக்குச் சிலிக்கோன் குழாய் சரி, பெட்ரோல் பட்டால் அது ஊதி மென்மையாகிப் பிய்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. விளக்கெண்ணெய்ப் புகையை மூச்சில் இழுத்தால் வயிறு போகுமா?

சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள், ஆனால் எல்லோரும் கேட்பார்கள். ரோட்டரி எஞ்சின் விமானிகளுக்கு அந்தத் தொல்லை இருந்ததாகச் சொல்வார்கள். திறந்த இருக்கையில், எஞ்சின் வீசும் எண்ணெய்த் தூறலுக்கு நேர் பின்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து அதை விழுங்கியவர்கள் அவர்கள். நாம் தரையில் நின்று, பத்து நிமிடத்துக்குள் ஒரு டாங்கைத் தீர்த்துவிடுகிறோம். வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. சட்டைக்குத்தான் ஆகும், அந்தக் கறை லேசில் போகாது.